வெளுத்த ஜீன்ஸுக்குக் கறுப்புச் சாயம்: உவர்ப்பான போர் தண்ணியில ஏறுமா?

உப்பளத்தெரு, வேதாரண்யம்:
நீல ஜீன்ஸ் ரெண்டு, தொடையிலயும் முழங்கால்லயும் வெளுத்துப் போச்சு. துணி இன்னும் கெட்டியா இருக்கு, அதனால கறுப்பா சாயம் ஏத்தலாம்னு பார்க்கிறேன். ஒண்ணு முழு காட்டன், இன்னொண்ணு 98% காட்டன், 2% எலாஸ்டேன் (இழுபடுற நூல்). கூடவே ஒரு நூல் புடவை, ஜரிகை போட்ட பழைய பட்டு வேட்டி ஒண்ணு. எங்க போர் தண்ணி உவர்ப்பு, சோப்பு நுரைக்காது. எந்தச் சாயம், எவ்வளவு போடணும்? சின்னப் பாக்கெட் சாயத்தை உப்போட கொதிக்க வைச்சா போதுமா?

சாயத்தொட்டி, கும்பகோணம்:
பாக்கெட் சாயத்துல பெரும்பாலும் டைரக்ட் சாயம்தான் இருக்கும். அது நூலோட வேதியியல் பிணைப்பா சேராது, சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு துவைப்புலயும் கொஞ்சம் கழலும். ஜீன்ஸுக்கு ரியாக்டிவ் சாயம் வாங்குங்க, அதுதான் நூலோட வேதியியல் பிணைப்பா சேரும். கடையில "கோல்டு (cold) பிராண்டு", அதாவது சூடு இல்லாமலே பிடிக்கிற வகை வேணும்னு தெளிவா கேட்கணும். ஹாட் பிராண்டு 80 டிகிரி சூட்டுலதான் பிடிக்கும். அதைப் பச்சைத் தண்ணியில போட்டுட்டு சாயம் நிக்கலைன்னு சொல்றவங்க நிறைய பேர்.

முதல்ல காய்ஞ்ச துணியை எடை போடுங்க, அளவு எல்லாம் அதிலிருந்துதான். ரெண்டு ஜீன்ஸும் சேர்ந்து 1.3 கிலோன்னு வைச்சுக்குவோம். கறுப்புக்கு எடையில 6%, அதாவது 80 கிராம் சாயம். தண்ணி 20 லிட்டர், உப்பு லிட்டருக்கு 60 கிராம் வீதம் 1.2 கிலோ, சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட், சமையல் சோடா இல்ல) 400 கிராம். கடையில கிடைக்கிற கறுப்பு தனியா நிறைய நேரம் கருநீலமாத்தான் நிக்கும், கீழே வேற பழைய நீலம் இருக்கு. அதனால 80-ல 5 கிராமை மட்டும் ஆரஞ்சாக்குங்க, நீலம் அடங்கும். ரெண்டையும் ஒரே தொட்டியில போட்டாத்தான் நிறம் ஒத்துப் போகும்.

துணியில இருக்கிற கஞ்சி, எண்ணெய், கம்ஃபர்ட் மாதிரி திரவம் எல்லாம் போகணும். சுடுதண்ணியில லிட்டருக்கு 2 கிராம் சோடா ஆஷும் கொஞ்சம் சோப்புத்தூளும் போட்டு அரை மணி ஊற வைச்சு நல்லா அலசுங்க. திட்டுத்திட்டா வர்றதுல பாதி இந்த வேலையை விட்டதாலதான். சாயத்தைக் கொஞ்சம் பச்சைத் தண்ணியில குழைச்சு, ரெண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, மெல்லிய வேட்டித் துணியில வடிகட்டித் தொட்டியில ஊத்துங்க. கரையாத துகள் ஒண்ணு ஒட்டினாலும் கரும்புள்ளிதான். துணியை ஈரமாவே போட்டு, 10 நிமிஷம் கழிச்சு உப்பை மூணு பங்கா, பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில போடுங்க. ஒவ்வொரு தடவையும் துணியை ஓரமா ஒதுக்கிட்டு, கரைச்சு ஊத்தணும்.

சோடாவையும் தனியா கரைச்சு, ஆற வைச்சு, ரெண்டு தடவையா ஊத்துங்க. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் புரட்டிக்கிட்டே இருக்கணும், முதல் 20 நிமிஷம் கையை எடுக்கவே கூடாது. சித்திரை வெயில்ல தண்ணி தானாவே 32, 33 டிகிரி இருக்கும், அது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில கொஞ்சம் சுட வைச்சு 35 டிகிரிக்குக் கொண்டு வாங்க. சோடா விழுந்ததும் சாயம் நூலோட சேர ஆரம்பிக்கும், அதே சமயம் தண்ணியோடயும் சேர்ந்து செத்துப்போகும். மிச்சத்தை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது.

அலுமினியச் சட்டி வேண்டாம், சோடா அரிக்கும். பிளாஸ்டிக் இல்லைன்னா எவர்சில்வர். தூளைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் நல்லா மூடுங்க. ரியாக்டிவ் சாயத்தூள் மூச்சுக்குழாய்ல போனா ஆஸ்துமா வர வாய்ப்பு உண்டு, இதுல அலட்சியம் கூடாது.

நுரைநீர், திருவாரூர்:
தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு கண்ணாடி டம்ளர் போர் தண்ணீரில் அரை ஸ்பூன் சோடா ஆஷ் போட்டுப் பாருங்கள். பால் போல் கலங்கினால் அது கால்சியமும் மெக்னீசியமும். அதே கலக்கம் தொட்டியிலும் நடக்கும். சாயத்தின் ஒரு பகுதி வீணாகும், கறுப்பின் மேல் சாம்பல் பூத்தது போல் வெள்ளைப் படிவும் நிற்கும். மழைநீர் இருந்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. மாடியில் பிடித்த 20 லிட்டர் போதும். இல்லையேல் தொட்டிக்கு மட்டும் ஆர்.ஓ. கேன் வாங்குங்கள். முதல் அலசலுக்குப் போர் தண்ணீர் பரவாயில்லை.

இன்னொன்று: ஊர்ப் பெருமைக்கு வேதாரண்யம் கல்லுப்பை அப்படியே போட்டுவிடாதீர்கள். சுத்திகரிக்காத உப்பில் மெக்னீசியம், கால்சியம் உப்புகளும் சேர்ந்தே இருக்கும். நல்ல தண்ணீரையும் அது கெடுத்துவிடும். தூள் உப்பு நல்லது, கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) அதைவிட நல்லது. படிவு வந்துவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் கலந்து 5 நிமிடம் முக்கினால் கரையும்.

கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஓரளவு தெளியும் வரை பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு கொதிக்கும் பக்குவத்தில் இருக்கும் சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் வைத்து எடுங்கள். நூலோடு சேராத செத்த சாயம் இதில்தான் கழலும். எவ்வளவு பச்சைத் தண்ணீரில் அலசினாலும் போகாது. எலாஸ்டேன் கலந்த ஜீன்ஸுக்குக் கொதிநீர் ஆகாது, இழுவை தளர்ந்துவிடும். அதை 60 டிகிரியில் மூன்று முறை செய்யுங்கள்.

தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர், அதில் இந்தச் சாயம் ஏறாது. மஞ்சள் தையல் மஞ்சளாகவே நிற்கும். ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: சாம்பலானால் பருத்தி, உருகி மணியாய்த் திரண்டால் பாலியஸ்டர். பட்டு வேட்டியை விட்டுவிடுங்கள். திருபுவனத்திலும் கும்பகோணத்திலும் பட்டுக்குச் சாயம் ஏற்றுவது நூலாக இருக்கும்போதே, நெசவுக்கு முன்னால். பட்டுக்கு அமிலச் சாயம், வினிகர், 85 டிகிரிச் சூடு வேண்டும். அதில் ஜரிகை கறுத்துப்போகும்.

உப்பளத்தெரு, வேதாரண்யம்:
ரொம்ப நன்றி. அந்தச் சாயத் தண்ணியை எங்க கொட்டுறது? வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கால் போகுது.

நுரைநீர், திருவாரூர்:
வாய்க்காலில் வேண்டவே வேண்டாம். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு கெட்டதற்குச் சாயத்தைவிடச் சாயக்கழிவில் கரைந்த உப்புதான் பெரிய காரணம். 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் அந்தக் கழிவுக்காகத்தான். ஒரு வாளிதானே என்று தோன்றும். ஆனால் அது பாயும் இடம் நாற்றங்கால். பாதாளச் சாக்கடை இருக்கும் தெருவில் உறவினர் வீடு இருந்தால் வேலையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சாயத்தொட்டி, கும்பகோணம்:
நூல் புடவைக்கு உப்பே இல்லாத வழி இருக்கு. லிட்டருக்கு 20 கிராம் சோடா கலந்த தண்ணியில கால் மணி ஊற வைச்சு இறுக்கிப் பிழிங்க. ஒரு லிட்டர் தண்ணியில 20 கிராம் சாயம் கரைச்சு, துணி முழுக்க ஊறுற மாதிரி பிசைஞ்சு, பாலித்தீன் பையில காத்துப் புகாம சுத்தி 12 மணி நேரம் நிழல்ல வைங்க. அப்புறம் அலசல், சோப்புக் கொதி, முன்ன சொன்னபடியே. ஓரம் காய்ஞ்சா அந்த இடம் மட்டும் தனியாத் தெரியும், அதனால பையைத் திறந்து திறந்து பார்க்காதீங்க. கனமான ஜீன்ஸுக்கு இது சமமா ஏறாது.