அட்வெஞ்சர் கேம்ல கியர் வாடகைக்கு எடுக்கறது நல்லதா, தேடி அடையறது நல்லதா?

வரைபடப்பித்தன்:
எல்லாருக்கும் வணக்கம். நானும் நண்பன் ஒருத்தனும் சேந்து சின்னதா ஒரு அட்வெஞ்சர் கேம் பண்ணிட்டிருக்கோம், மேலேர்ந்து பாக்குற பழைய ஜெல்டா (நின்டெண்டோவோட அட்வெஞ்சர் கேம் சீரீஸ்) ஸ்டைல், ஆறு டஞ்சன் (பஸிலும் எதிரிங்களும் இருக்கிற நிலவறை), ஏழெட்டு ஐட்டம், அதாவது ஹீரோ யூஸ் பண்ற ஆயுதம், கருவி மாதிரி கியர், அவ்ளோதான். வேலை நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, இப்ப ஒரு விஷயத்துல வந்து நின்னுட்டோம். ஐட்டமெல்லாம் ஆரம்பத்துலயே ஒரே கடையில வாடகைக்கு வச்சிடலாம், ப்ளேயர் இஷ்டப்பட்ட டஞ்சனுக்கு இஷ்டப்பட்ட வரிசையில போகட்டும்னு அவன் சொல்றான். 2013ல நின்டெண்டோ த்ரீடிஎஸ்ல வந்த ஜெல்டா கேம் எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ் தான் அவனுக்கு முன்மாதிரி. விளையாடாதவங்களுக்கு சொல்றேன், அதுல ராவியோன்னு ஒருத்தன் ஹீரோ லிங்க்கோட வீட்டுக்குள்ளயே வந்து கடை போட்டுடுவான், வில்லு, சுத்தியல், ஹூக்‌ஷாட், ஃபயர் ராட் எல்லாம் ரூபீ (அந்த கேமோட காசு) குடுத்தா வாடகைக்கு கெடைக்கும், நீங்க சாகுற வரைக்கும் அது உங்க கையில, செத்தீங்கன்னா அவனோட பறவை வந்து எல்லாத்தையும் தூக்கிட்டு போயிடும், மறுபடி காசு குடுத்துதான் எடுக்கணும். கதை லோருல்ங்கிற இன்னொரு உலகத்துக்கு போனப்புறம் அதே ஐட்டத்தை மொத்தமா விலைக்கும் வாங்கிக்கலாம், ஆனா வாடகைய விட ரொம்ப அதிகம்.

எனக்கு இதுல மனசு ஒப்பல. டஞ்சன் பாதி தாண்டி ஒரு பெரிய பெட்டிய திறந்து அதுக்குள்ளேர்ந்து ஒரு புது ஐட்டம் வெளிய வர்ற அந்த நிமிஷம் இல்லாம என்னத்துக்கு அட்வெஞ்சர்னு தோணுது. அதே நேரம் அவன் சொல்ற சுதந்திரமும் எனக்கு புரியாம இல்ல. ரெண்டையும் நல்லா விளையாடினவங்க என்ன நினைக்கிறீங்க? காரணத்தோட சொன்னா நாங்க முடிவெடுக்க உதவியா இருக்கும்.

பழையகார்ட்ரிட்ஜ்:
நான் உங்க பக்கம் ப்ரோ. சூப்பர் மெட்ராய்ட் எடுத்துக்கோங்க, 1994ல வந்தது, அதுவும் மேப்ப சுத்தி கியர் தேடுற கேம்தான். நார்ஃபேர்ங்கிற கொதிக்கிற பகுதியில ஒரு ரூமுக்குள்ள போறீங்க, வெக்கையில எனர்ஜி கடகடன்னு கொறையுது, ஓடி வெளிய வர்றீங்க. அந்த கேம் ஒரு வரி கூட சொல்லல, ஆனா இங்க பின்னாடி வரணும்னு உங்க மண்டையில ஒரு குறிப்பு விழுந்துடுச்சு. அப்புறம் எங்கயோ சுத்தி வெக்கைய தாங்குற வேரியா சூட் கெடைக்கும்போது நீங்க சந்தோஷப்படுறது அந்த சூட்டுக்காக மட்டும் இல்ல, மேப்ல அங்கங்க விட்டுட்டு வந்த எல்லா இடமும் ஒரே நேரத்துல ஞாபகத்துக்கு வருதே அதுக்காக. தண்ணிக்குள்ள நகரவே முடியாம இழுத்துக்கிட்டு நடந்தவனுக்கு க்ராவிட்டி சூட் கெடைச்சா மரிடியாங்கிற அதே தண்ணிப் பகுதி வேற ஊர் மாதிரி ஆயிடும். கடையில எல்லாமே மொதல்லயே தொங்குச்சுன்னா இந்த விட்டுட்டு வந்த இடம்ங்கிற விஷயமே இருக்காது, தடை எதை பாத்தாலும் அதுக்கு என்ன வேணும், கடையில எவ்ளோன்னு நேரா கணக்குதான் ஓடும்.

லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்ல அதை இன்னும் ஒரு படி மேல போய் டஞ்சன் வாசல்லயே எந்த ஐட்டம் வேணும்னு அடையாளம் வச்சிருப்பாங்க. அது இல்லைன்னா ப்ளேயர் வெறும் கையோட உள்ள போய் மாட்டிக்குவார், அதனால வச்சே ஆகணும், எனக்கு புரியுது. ஆனா கண்டுபிடிக்கிற வேலைய வாசல்லயே முடிச்சு குடுத்துட்டாங்களேன்னு இருந்துச்சு.

நிலவறைநாயகி:
மேல சொன்னது அழகா இருக்கு, ஆனா அந்த கேமுக்கு நியாயம் பண்ணலன்னு நினைக்கிறேன்.

டஞ்சன் நடுவுல ஐட்டம் குடுக்கிற கேம்ல டிசைனருக்கு ஒரு பெரிய கஷ்டம் இருக்கு. பாதி டஞ்சன் வரைக்கும் உங்க கையில அது இல்ல, அப்ப அந்த பாதிய அது இல்லாமலே முடிக்கிற மாதிரி கட்டணும், பெட்டி திறந்தப்புறம் ரெண்டு மூணு ரூம் அதை எப்படி யூஸ் பண்றதுன்னு சொல்லிக்குடுக்கணும், உண்மையா மூளைய கசக்குற பஸில் வைக்க இடம் கெடைக்கிறப்ப பாஸ் (டஞ்சனோட கடைசி பெரிய எதிரி) வந்துடும். ட்வைலைட் பிரின்சஸ்ங்கிற இன்னொரு ஜெல்டாவுல ஸ்பின்னர், அந்த பம்பரம் மாதிரி ஏறிப் போற கருவி, ஞாபகம் இருக்கா? ஆர்பிட்டர்ஸ் க்ரவுண்ட்ஸ் டஞ்சன்ல அது கெடைச்சு பாஸ் ஸ்டால்லார்டோட சண்டை போடுறது அந்த சீரீஸ்லயே எனக்கு ரொம்ப பிடிச்ச சண்டைகள்ல ஒண்ணு, ஆனா அதுக்கப்புறம் அந்த ஸ்பின்னருக்கு வேலையே கொஞ்சம்தான். தேடி எடுத்த ஐட்டம்ங்கிறதாலயே அது நல்ல ஐட்டம் ஆயிடாது.

வாடகை சிஸ்டத்துல நீங்க வாசலுக்குள்ள வரும்போதே டொர்னேடோ ராட் கையில இருக்குன்னு டிசைனருக்கு தெரியும். அதனால ஹவுஸ் ஆஃப் கேல்ஸ்ங்கிற டஞ்சன்ல மொத ரூம்லேர்ந்தே காத்துல எழும்பிப் போற வேலை ஆரம்பிச்சிடும், கடைசி வரைக்கும் அது ஒண்ணையே திருப்பி திருப்பி புதுசா காட்டிட்டே இருப்பாங்க. சுத்தியலுக்கு டவர் ஆஃப் ஹெராவும் அப்படித்தான். இந்த ரெண்டுல எதை வேணா மொதல்ல முடிக்கலாம், லோருல் போனா இன்னும் பெரிய அளவுல அதே சுதந்திரம். ஒரு டஞ்சன்ல பஸில் பிடிபடலயா, எழுந்து வேற டஞ்சனுக்கு போயிடலாம், கேமையே மூடி வைக்க வேண்டியதில்ல. எத்தனையோ பேர் ஒரே இடத்துல மாட்டி ஒரு கேமை பாதியில விட்டுடறாங்க, அவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு நினைச்சு பாருங்க.

இன்னொண்ணு, பெட்டி திறக்கிற அந்த சந்தோஷத்தை அவங்க தூக்கிப்போடல, வேற பொருளுக்கு மாத்திட்டாங்க. ஸ்வாம்ப் பேலஸ்ல நீல கவசம், ஐஸ் ரூயின்ஸ்ல ஸ்டாமினா ஸ்க்ரோல், டர்ட்டில் ராக்ல ஹைலியன் ஷீல்ட், இதெல்லாம் டஞ்சன் பெட்டியில தேடித்தான் எடுக்கணும். இது இல்லாமலும் கேமை முடிக்கலாம், இருந்தா உங்க பலம் கூடும். அதனால வரிசை எப்படி மாறுனாலும் எங்கயும் இடிக்காது.

இரவுவிளையாட்டு:
ரெண்டு பேரும் தொடாத ஒண்ணு இருக்கு, சாவு. வாடகைங்கிற யோசனை மொத்தமும் அது மேலதான் நிக்குது.

செத்தா ஐட்டம் போயிடும்ங்கிற பயம் மொத ஒரு மணி நேரம் அருமையா வேலை செய்யுது, ஹார்ட் கம்மியா இருக்கும்போது ஒவ்வொரு ரூமுக்குள்ள போறப்பவும் உள்ளுக்குள்ள ஒரு இறுக்கம் இருக்கும், நான் அதை ரொம்ப ரசிச்சேன். ஆனா அந்த கேம்ல ரூபீ தாராளமா கெடைக்கும், கொஞ்சம் நல்லா விளையாடுறவங்க சாகறதும் கம்மி, அதனால கொஞ்ச நேரத்துல எல்லாத்தையும் ஒண்ணா வாடகைக்கு எடுத்து மாட்டிக்கிட்டு கடை இருக்கிறதையே மறந்துடுவாங்க. மறுபக்கம் புதுசா விளையாடுற ஒருத்தர் பாஸ்கிட்ட திரும்ப திரும்ப சாகுறார்னு வைங்க, அவர் ஒவ்வொரு தடவையும் காசு கட்டணும், காசு தீந்தா புல்ல வெட்டி அதுல கெடைக்கிற ரூபீய சேக்கணும். அதாவது யாருக்கு பயம் காட்டணுமோ அவங்களுக்கு ஒண்ணும் ஆகல, யாருக்கு கை குடுக்கணுமோ அவங்க தலையில அடி விழுது. ஹீரோ மோட்ங்கிற கஷ்டமான மோட்ல எதிரி அடிச்சா நாலு மடங்கு டேமேஜ், அதுல மட்டும்தான் அந்த பயம் கடைசி வரைக்கும் கூட வந்துச்சுன்னு சொல்வேன்.

இதே யோசனைய ஹாலோ நைட்ங்கிற கேம் வேற மாதிரி பண்ணியிருக்கு. லெக் ஈட்டர்ங்கிற கடைக்காரன்கிட்ட வாங்குற ஃப்ரஜைல் சார்ம் (மாட்டிக்கிட்டா பலம் குடுக்கிற, உடையக்கூடிய தாயத்து) மூணும் நீங்க மாட்டியிருக்கும்போது செத்தா உடைஞ்சிடும், காசு குடுத்து சரி பண்ணிக்கணும். பேருக்கு வாங்குறதுதான், நடத்தைய பாத்தா வாடகை. ஆனா சுவத்துல ஏற உதவுற மேன்டிஸ் க்ளா மாதிரி திறமைங்க எதுவும் அப்படி இல்ல, அதை நீங்க போய் கண்டுபிடிக்கணும், ஒரு தடவை கெடைச்சா உங்களோடதுதான், எத்தனை தடவை செத்தாலும் யாரும் பிடுங்க மாட்டாங்க. அப்புறம் க்ரிம் ட்ரூப்ங்கிற கூடுதல் பகுதி வந்ததும் டிவைன்ங்கிற பாத்திரத்துகிட்ட ஜியோவ (அந்த கேமோட காசு) கொட்டி அந்த சார்ம உடையவே உடையாம மாத்திக்கலாம், ஃப்ரஜைல் ஸ்ட்ரெங்த்துக்கு மட்டும் 15,000 ஜியோ. உலகத்தை திறக்கிற பொருள் தேடலுக்கு, சண்டையில பலம் குடுக்கிற பொருள் காசுக்கு, இந்த கோடு அந்த கேம்ல ரொம்ப தெளிவா தெரியுது.

வரைபடப்பித்தன்:
நன்றிங்க, மூணு பேர் சொன்னதையும் நண்பனுக்கு அனுப்பிட்டேன். நிலவறைநாயகி சொன்ன மொத ரூம்லேர்ந்தே பஸில் ஆரம்பிக்கலாம்ங்கிறது எங்களுக்கு பெரிய வாதம், ஏன்னா எங்க டஞ்சனெல்லாம் சின்னது, பாதியில ஐட்டம் குடுத்தா மிச்சம் நாலு ரூம்தான் இருக்கும்.

ஆனா ஒரு சந்தேகம். வாடகைக்கு எடுத்த பொருள் மேல ப்ளேயருக்கு ஒட்டுதல் வருமா? எனக்கு அதுதான் உறுத்துது. கடை எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும்னு இருக்கிற ஒரு பொருளை யாராவது நேசிப்பாங்களா?

நிலவறைநாயகி:
அதுக்குதான் மையமை இருக்கு. மேப் பூரா ஒளிஞ்சிருக்கிற நூறு குட்டிங்க, கத்திக்கிட்டே இருக்கும், சத்தத்தை வச்சு சுவத்துல, மரத்துல, தண்ணிக்கடியில தேடி பிடிக்கணும். பத்து பிடிச்சா அம்மா மையமை உங்க ஐட்டம் ஒண்ண மேம்படுத்திக் குடுக்கும், ஆனா நீங்க சொந்தமா வாங்குனதா இருந்தாதான், வாடகைப் பொருளை தொடாது. இப்ப யோசிச்சு பாருங்க, கடையில இருந்த ஒரு சாதாரண வில்ல நீங்க மொதல்ல வாடகைக்கு எடுக்குறீங்க, கை பழகிடுது, இதை இழக்கக்கூடாதுன்னு காசு சேத்து வாங்குறீங்க, அப்புறம் மூலை முடுக்கெல்லாம் சுத்தி அதை வளக்குறீங்க. கடைசியில அது உங்க வில்லுதான். தேடல் அங்கயும் இருக்கு, ஐட்டம் கெடைக்கிறதுக்கு முன்னாடி இல்லாம பின்னாடி வருது.

பழையகார்ட்ரிட்ஜ்:
இதை நான் ஒத்துக்கிறேன், மையமை தேடுறது அந்த கேம்லயே எனக்கு பிடிச்ச பகுதி.

கடை, தேடல் ரெண்டும் எதிரின்னு நானும் சொல்லல. 1986ல வந்த மொத ஜெல்டாவுலயே வில்லு மொத டஞ்சனுக்குள்ள, அம்பு கடையில 80 ரூபீ, ரெண்டும் சேந்தாதான் எய்ய முடியும். லிங்க்ஸ் அவேக்கனிங்ங்கிற ஜெல்டாவுல வில்லு கடையிலயே 980 ரூபீ, அந்த வயசுல அதை சேக்குறதே ஒரு பயணமா இருந்துச்சு. காசு சேக்கறதுக்கு உலகத்தை சுத்த வேண்டியிருந்தா கடையும் தேடலோட ஒரு பகுதிதான். ஒரே எடத்துல நின்னு புல்ல வெட்டி சேக்க முடிஞ்சாதான் அது செத்துப்போகுது.

நான் உண்மையாவே வெறுக்கிறது மூணாவது வகை. மெட்ராய்ட் அதர் எம், 2010. கியர் எல்லாம் ஹீரோயின் சேமஸ்கிட்ட ஏற்கனவே இருக்கும், ஆனா கமாண்டர் ஆடம் அனுமதி குடுத்தாதான் போட்டுக்குவா. கொதிக்கிற இடத்துல எனர்ஜி கரைய கரைய நடக்குறா, வேரியா சூட் அவகிட்ட இருக்கு, அனுமதி வர்ற வரைக்கும் போடல. அதுல ப்ளேயர் தேடவும் இல்ல, தேர்ந்தெடுக்கவும் இல்ல, கதை குடுக்கிறப்ப வாங்கிக்கணும். வாடகையில குறைஞ்சபட்சம் எது வேணும்னு முடிவு பண்றது நீங்க. அந்த மரியாதை ப்ளேயருக்கு இருக்கணும்.

கொக்கிக்கயிறு:
லேட்டா வந்துட்டேன், நேரா உங்க கேமுக்கு வர்றேன். ஏழெட்டு ஐட்டத்தையும் ஒரே பக்கம் போடாதீங்க. டஞ்சன் சாவி மாதிரி வேலை செய்யுற ஐட்டம் நாலு இருந்தா அதை கடையில வைங்க, வரிசை சுதந்திரம் அதுல வந்துடும். மேப்ல நடக்குற விதத்தையே மாத்துற ஐட்டம் ஒண்ணு ரெண்டு, உதாரணத்துக்கு நீச்சல், பள்ளம் தாண்டுறது, அதை கடையில வைக்கவே வைக்காதீங்க, ஏதோ ஒரு மூலையில ஒளிச்சு வைங்க, அது இல்லாமலும் எல்லா டஞ்சனையும் முடிக்க முடியணும், இருந்தா பாதி உலகம் குறுக்குவழியா திறக்கணும். லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்லயே சாண்ட் ராட் மட்டும் ஆஸ்ஃபாலாங்கிற பாத்திரத்தை காப்பாத்தினப்புறம்தான் கடைக்கு வரும், அதாவது அவங்களே எல்லாத்தையும் திறந்து விடல. பாலைவன டஞ்சன கொஞ்சம் தள்ளிப்போட அது ஒண்ணு போதும்.

சாவு விஷயத்துல இரவுவிளையாட்டு சொன்னது முழுக்க சரி. என் யோசனை, செத்தா எல்லாத்தையும் எடுக்க வேணாம், அந்த நேரம் பட்டன்ல மாட்டியிருக்கிற ஐட்டத்தை மட்டும் எடுங்க. அப்ப பாஸ்கிட்ட போறதுக்கு முன்னாடி எதை மாட்டிக்கிட்டு போறோம்ங்கிறதே ஒரு முடிவா மாறும், புதுசா விளையாடுறவங்களும் ஒரேயடியா வெறுங்கையா ஆக மாட்டாங்க. டஞ்சன் வாசல்லயே கடைக்கு ஒரு கிளை வைங்க, திரும்ப நடக்குற தண்டனை மட்டும் வேண்டவே வேணாம், காசு போறதே போதும்.

வரைபடப்பித்தன்:
மாட்டியிருக்கிறத மட்டும் எடுக்கிறது எங்களுக்கு தோணவே இல்ல, கோட்லயும் சின்ன மாத்தம்தான். பள்ளம் தாண்டுற கொக்கிய கடையிலேர்ந்து எடுத்துட்டு வடக்கு மலைக்கு மேல இருக்கிற காலி ரூம்ல வைக்கறோம், நண்பனும் ஒத்துக்கிட்டான். டஞ்சன் சாவி மாதிரி வேலை செய்யுற நாலும் வாடகை. மொத ரெண்டு டஞ்சன் விளையாடுற நிலைக்கு வந்ததும் இங்கயே லிங்க் போடறேன், முக்கியமா சாகும்போது எப்படி இருக்குன்னு பாத்து சொல்லுங்க.

இரவுவிளையாட்டு:
கண்டிப்பா. கூடவே அட்வெஞ்சர் கேமே விளையாடாத ஒருத்தர்கிட்டயும் குடுத்து பாருங்க, அவர் கடைக்கு ரெண்டாவது தடவை திரும்பி வர்றப்ப கையில எவ்ளோ காசு மிச்சம் இருக்குன்னு குறிச்சு வைங்க. வாடகைய எவ்ளோ வைக்கலாம்னு அதை வச்சு முடிவு பண்ணுங்க.