பொருள்: ‘காலநிறை ஈட்டம்’ வேண்டாமே

அக்கா, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, முதலீட்டின் லாப நட்டத்தைக் கணக்கிடும் ‘டைம் வெயிட்டட் ரிட்டர்ன்’, ‘மணி வெயிட்டட் ரிட்டர்ன்’ என்ற இரு முறைகளுக்கு நீங்கள் சொன்ன ‘காலநிறை ஈட்டம்’, ‘பணநிறை ஈட்டம்’ என்ற இணையை என்னால் ஏற்க முடியவில்லை. ‘நிறை’ என்றதும் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் தராசைத்தான் தேடுவார். கணக்கு எப்படி நடக்கிறது என்பதையும் அது சொல்லவில்லை.

திருப்பூர்ப் பின்னலாடைக்காரர் ஒருவர் தொகுப்பு மேலாளரிடம் (பிறர் பணத்தை முதலீடு செய்து நிர்வகிப்பவர்) 50 லட்சம் கொடுக்கிறார் என்று வையுங்கள். முதல் ஆண்டு 40 சதவீதம் ஏறி 70 லட்சமாகிறது. ஏற்றுமதிப் பணம் வந்த கையோடு இன்னும் ஒரு கோடி போடுகிறார். இரண்டாம் ஆண்டு 20 சதவீத இறக்கம், 1.70 கோடி 1.36 கோடியாகிவிடுகிறது. போட்டதில் 14 லட்சம் போயிற்று. அறிக்கையோ ஆண்டுக்கு 5.8 சதவீத லாபம் என்கிறது!

அறிக்கை பொய் சொல்லவில்லை. புதுப் பணம் வந்த இடத்தில் காலத்தை வெட்டி, துண்டுகளைப் பெருக்குகிறார்கள்: 1.4 × 0.8 = 1.12. இரண்டு ஆண்டில் 12 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 5.8. எப்போது எவ்வளவு பணம் வரும் என்பது மேலாளர் கையில் இல்லாததால் அதன் பாதிப்பை நீக்கிவிடுகிறார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2020 விதிமுறைகள் தொகுப்பு மேலாளர்களிடம் கேட்பதும் இந்த முறையைத்தான். எனவே ‘காலநிறை’க்குப் பதில் ‘தொடர்பெருக்கு ஈட்டம்’ என்போம்.

மற்றது, நீங்கள் ‘பணநிறை’ என்றது; எக்செல்லில் இதன் பெயர் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். ஒவ்வொரு தொகைக்கும் அது உள்ளே வந்த தேதியிலிருந்து கணக்கு. இவருக்கு அது ஆண்டுக்கு 7.1 சதவீத நட்டம். வயிற்றெரிச்சலோடு ஒத்துப்போகிற எண் இதுதான். இதற்கு ‘நாள்வழி ஈட்டம்’ என்பது என் பரிந்துரை.

*

தம்பி,

தராசு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும். ஆனால் ‘தொடர்பெருக்கு’ நிற்காது. கூட்டு வளர்ச்சி வீதமும் தொடர்ந்து பெருக்குவதுதானே? இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். பணவரத்தின் பாதிப்பை நீக்குவதுதான் இதன் தனித்தன்மை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘வரத்துநீக்கிய ஈட்டம்’ என்று சொன்னால் என்ன? கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது, இருக்கட்டும். ‘போக்குவரத்து நீக்கிய’ என்று மட்டும் யாரும் நீட்டிவிடாதீர்கள், காந்திபுரம் சிக்னல் நினைவுக்கு வரும்.

‘நாள்வழி’ கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் புதியவர் அதைத் தினசரி ஈட்டம் என்று படித்துவிடுவார். ‘தேதிவழி ஈட்டம்’ என்று மாற்றச் சம்மதமானால் இன்றே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். முதல் சொல்லுக்கு மற்றவர்களும் வாய் திறக்கட்டும்.