முகமூடியால் மலை வருமா? திருகோணமலையில் கண்டவற்றைப் பகிருங்கள்

உவர்மலையிலிருந்து:
கறுப்பு ரப்பர் முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு விடிய உட்துறைமுக வீதியில் நடப்பவர்களைக் காணலாம். மலையில் நடக்கிற பலன் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த வால்வு காற்று வரும் வழியை ஒடுக்குகிறது, அவ்வளவுதான். விட்ட மூச்சில் கொஞ்சம் திரும்ப உள்ளே போகும், ஆனால் ஒட்சிசன் மலையளவுக்கு இறங்காது. கோணேசர் கோயில் ஏற்றத்திலும் மூச்சு வாங்கும். அது உயரத்தால் அல்ல, ஏறும் உழைப்பால். கடல்மட்டக் காற்றில் ஒட்சிசன் 20.9%. இங்கே இருந்துகொண்டு நுவரெலியாவின் 1,868 மீற்றரைக் காண ஏறத்தாழ 16.7% வேண்டும். பீதுருதாலகால உச்சிக்கு 15.4%.

உப்புவெளியிலிருந்து:
ஒட்சிசனை உண்மையில் இறக்குவது, ஒட்சிசன் குறைந்த காற்றைக் குழாய்வழியே முகமூடிக்கு அனுப்பும் மெஷின். அதில் ஏமாறும் இடம் காற்றின் அளவு. நடுத்தர வயதுக்காரர் சைக்கிளை வேகமாக மிதித்தால் நிமிடத்துக்கு 40–60 லீற்றர் மூச்சு இழுப்பார். மெஷின் அதைவிடக் குறைவாகத் தந்தால் முகமூடி ஓரத்தால் வெளிக்காற்று நுழையும். குழாயில் ஒட்சிசன் மீற்றர் 15% காட்டும், இரத்த ஒட்சிசனைக் காட்டும் விரல் கருவியில் 97% நிற்கும். அப்படி நின்றால் முதலில் தாடியையும் மூக்குப் பாலத்தையும் பாருங்கள், கசிவு அங்கேதான். இழுப்பு உச்சத்தைத் தாங்க இடையில் சேமிப்புப் பை கட்டாயம். ஒட்சிசன் மீற்றரை ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றில் 20.9க்குச் சரிசெய்யுங்கள். நம்மூர் ஈரப்பதன், மெஷினுக்குள் காற்றைப் பிரிக்கும் சியோலைட்டு மணிகளைக் கெடுக்கும். மெஷினைக் கடற்காற்றுப் படும் யன்னலோரம் வைக்காதீர்கள்.

பாலையூற்றிலிருந்து:
சீனி வருத்தக்காரருக்கு ஏன் இதைப் பேசுகிறோம் என்பதையும் சொல்லவேண்டும். தசை சுருங்கும்போதும் ஒட்சிசன் குறையும்போதும், இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோசு உள்ளே போக வழி திறக்கும். ஒட்சிசன் குறைந்த காற்றில் அதே நாடித்துடிப்பைக் குறைந்த வேகத்திலேயே எட்டலாம், முழங்காலுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சாதாரண நடையைவிட எவ்வளவு மேல் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கிழமைக்கு 150 நிமிட நடை இல்லாதவர் மெஷினுக்குக் காசு கட்டவேண்டாம்.

கிளிக்ளசைட் (சீனியைக் குறைக்கும் குளிசை) அல்லது இன்சுலின் எடுப்பவர் தொடங்கமுன் சீனி பாருங்கள். 90 mg/dLக்குக் கீழென்றால் 15–30 கிராம் மாச்சத்துச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். இரத்தச்சோகை, நெஞ்சு வருத்தம், கட்டுப்படாத பிறசர், நித்திரையில் மூச்சு நிற்பது இருந்தால் வைத்தியர் சம்மதம் இல்லாமல் தொடவேண்டாம்.

விரல் கருவியை நம்பும் விதமும் உண்டு. கையை அசைக்காமல் அரை நிமிடம் விடுங்கள். மருதாணி, நகப்பூச்சு உள்ள விரல் வேண்டாம். நம் போன்ற கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் 85க்கு விடாமல் 88இலேயே வெளிக்காற்றுக்கு மாறுங்கள். தலை கிறுகிறுத்தால் எண்ணைப் பார்க்காமலே முகமூடியைக் கழற்றுங்கள்.

உவர்மலையிலிருந்து:
ஒன்றை விட்டுவிட்டேன். செலவு குறையும் என்று மெஷினுக்குப் பதிலாக நைதரசன் சிலிண்டரை வீட்டில் முகமூடியோடு இணைக்கும் யோசனையை யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது காபனீரொட்சைட்டு. நைதரசனில் அது சேராது. மணமும் இல்லை, திணறலும் இல்லை. ஓரிரு மூச்சிலேயே ஆள் மயங்கி விழுவார்.