‘லொக்கேல்’ என்பதை ‘ஊர்வழக்கம்’ என்று சொல்லலாமா?

வணக்கம் அண்ணா,

லொக்கேல், அதாவது எந்த மொழி, எந்த நாட்டு முறை என்று கணினிக்குச் சொல்கிற அமைப்பு, அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் எழுதிய ‘இடவமைவு’ நேற்றிலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சொல்லில் பிழை இல்லை. ஆனால் முதன்முதலாகக் கேட்கும் பிள்ளைக்கு அது வரைபடத்தில் இடம் காட்டுகிற வேலை என்றுதான் படும். தம்பி சொன்ன ‘மொழித்தெரிவு’ அதைவிடச் சிக்கல், ஏனென்றால் லொக்கேல் மொழியை மட்டும் சொல்வதில்லை. லாங் என்ற சூழல் மாறியில், அதாவது நிரல்கள் பார்த்து நடந்துகொள்கிற பெயரிட்ட அமைப்பில், ‘டீஏ_எல்கே.யூடிஎஃப்-8’ என்று எழுதினால் முதல் இரண்டெழுத்து தமிழ், அடுத்தது இலங்கை, கடைசியில் இருப்பது எழுத்துக் குறியாக்கம், எழுத்துகளைக் கணினி எண்ணாக வைத்துக்கொள்கிற முறை. சென்னையிலும் இதே தமிழ்தான், ஆனால் அங்கே ஆகஸ்ட், அக்டோபர், நம்முடைய பத்திரிகைகளில் ஓகஸ்ட், ஒக்டோபர். ரூபாய் என்ற பேர் ஒன்று, காசு வேறு. இந்த வேறுபாட்டைத் தாங்குகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

எனக்கு ‘ஊர்வழக்கம்’ பிடித்திருக்கிறது. கல்யாண வீட்டில் முறை பற்றிப் பேச்சு வந்தால் “எங்க ஊர் வழக்கம் இப்படித்தான்” என்று பெரியவர்கள் சொல்வார்களே, திகதி எழுதுவது, காசுக் குறி போடுவது, அகரவரிசைப்படுத்துவது எல்லாம் அந்த வகைதான். ‘வழக்கு’ என்று சுருக்கினால் நீதிமன்றம் வந்துவிடும், அதனால் முழுசாகவே இருக்கட்டும்.

ஒரு தடை உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் பழைய ஆட்கள் ‘ஊர்’ என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் இருக்கிற ஊரைத்தான் நினைப்பார்கள், என் அப்பாயி கடைசிவரை அப்படித்தான் பேசினார். ‘நாட்டுவழக்கம்’ என்று மாற்றலாம் என்றால், தோட்டத்தில் ‘நாடு’ என்பது பக்கத்துச் சிங்களக் கிராமம். இன்றைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அட்டனும் பண்டாரவளையும்தான் ஊர். ஆகவே ஊரையே வைத்துக்கொள்வோம், அந்தச் சொல் நம் மண்ணில் ஊன்றட்டும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ஒரு வகுப்பு இடாப்பு. அட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலைக்கு மாணவர் பெயர்களை சோர்ட் கட்டளையால் வரிசைப்படுத்திக் கொடுத்தேன். கமலா, கவிதா, கனகா என்று வரவேண்டியது கனகா, கமலா, கவிதா என்று வந்திருந்தது, டீச்சர்தான் கண்டுபிடித்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கிற ஒருங்குறியில் ன இருப்பது ந-வுக்கு அடுத்து, நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். அந்தக் கணினியில் பயனரின் அமைப்புகள் இருக்கிற புரொபைல் கோப்பில் லாங் ‘சி’, அதாவது எந்த ஊர் முறையும் சேராத அடிப்படை நிலை, என்று இருந்ததால் சோர்ட் எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறது. கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றி, வெளியேறித் திரும்பப் புகுபதிந்த பிறகுதான் சரியானது, ஏனென்றால் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நடத்துகிற ஷெல் அந்தக் கோப்பைப் படிப்பது புகுபதிகையின்போதுதான். இன்னொன்று, அந்த ஊர்வழக்கம் முதலில் கணினியில் உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். ‘லொக்கேல் -ஏ’ என்று தட்டினால் இருக்கிறவற்றைக் காட்டும், அதில் இல்லாததை லாங்கில் எழுதி ஒரு பயனும் இல்லை.

அப்புறம் மாறிகளின் பெயர்கள். எல்சி_டைம், எல்சி_கொலேட் போன்றவற்றை ‘பிரிவு வழக்கம்’ என்று சொல்லலாம், திகதிக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று. லாங் என்பது ‘பொது வழக்கம்’, பிரிவுக்கென்று தனியாக ஒன்றும் சொல்லாத இடத்தில் மட்டும் அது நிற்கும். எல்சி_ஆல் இரண்டையும் மீறும். தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் கங்காணி ஆளுக்கு ஒரு மலை பிரித்துக் கொடுத்திருப்பார், அவருக்கு மேலே இருக்கிற தோட்டத் துரை வந்து எல்லாரும் ஏழாம் நம்பர் மலைக்குப் போங்கள் என்றால் அதுதான் செல்லும், அதே கதை. அதனால் அதற்கு ‘மேலாணை வழக்கம்’ என்று வைத்தேன். சோதித்துப் பார்க்க ஒரு கட்டளைக்கு மட்டும் அதைப் போடலாம், புரொபைல் கோப்பில் நிரந்தரமாக எழுதவே கூடாது. எழுதிவிட்டால் பிறகு எல்சி_டைமை எப்படி மாற்றினாலும் திகதி அசையாது, பிள்ளைகள் தாங்கள்தான் ஏதோ பிழை விட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

‘மேலாணை’ கொஞ்சம் கனமாக இருக்கிறது, தெரிகிறது. இதைவிட இலேசான சொல் இருந்தால் எழுதுங்கள் அண்ணா, அடுத்த வகுப்புக் கொப்பியில் அதையே போட்டுவிடுகிறேன்.