பினாங்கில் குடியேறுவது: கடலைப் பார்த்த வீடா, ஊருக்குள் வீடா?

மஸ்கட் வேலை முடிந்ததும் எங்கே போய் இருப்பது என்று யோசித்தபோது நாங்கள் கேட்டது நாலே விஷயம்தான். குளிர் கூடாது, கடல் பக்கத்தில் இருக்கணும், நினைத்தபோது கோயிலுக்குப் போகணும், உடம்புக்கு முடியாமல் போனால் நம்பிப் படுக்க ஓர் ஆஸ்பத்திரி வேணும். நாலும் மலேசியாவின் பினாங்குத் தீவில் பொருந்தி வந்தது. ஆனால் பினாங்கில் எந்தப் பக்கம் என்பதுதான் பெரிய கேள்வி.

2023 டிசம்பரிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை. அதை வைத்து அக்டோபரில் போனோம். அங்கே நல்ல மழைக்காலம் அதுதான். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் போய்ப் பார்த்தால் எந்த வீடும் பிடித்துப்போகும்.

முதலில் ‘பத்து ஃபெரிங்கி’ என்ற கடற்கரைப் பகுதியில், கடலைப் பார்த்த காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு. பால்கனிக் கதவைத் திறந்தால் அலைச் சத்தம். ஆனால் கொஞ்ச நாளிலேயே இவருடைய தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சை. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய பட்டுப்புடவையின் மடிப்பில் வெள்ளைப் புள்ளிகள். ஏசியின் வெளிப்பெட்டித் தகடு உப்புக்காற்றில் அரித்து, விரல் பட்டாலே உதிர்ந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா எங்களைக் கூட்டிப்போய்த் தன் அலமாரியைக் காட்டினார். உள்ளே இரவும் பகலும் ஒரு சின்ன பல்பு எரிகிறது, கதவைச் சாத்துவதே இல்லை.

அதையாவது சமாளிக்கலாம். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குப் போகும் சாலையை என்ன செய்வது? மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிறது. பள்ளி விடுமுறை நாளில் 101-ம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் எப்போது இறங்குவோம் என்று சொல்ல முடியாது. இவருக்கு இதயத்துக்கு மாத்திரை ஓடுகிறது. டாக்டரைப் பார்க்கப் போன அன்று அந்தச் சாலையில் வண்டி நகராமல் உட்கார்ந்திருந்தபோதே, இந்தப் பக்கம் வேண்டாம் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

பிறகு ஊருக்குள் இருக்கும் புலாவ் திக்கூஸ் பக்கம் மாறினோம். காலையில் சந்தை, நடந்தே ஆஸ்பத்திரி. மாலையில் குர்னி டிரைவ் என்ற கடலோரச் சாலைவரை போய்வரலாம். அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கியிருக்கிறார்கள், கால் நனைக்க முடியாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-ல் கட்டியது. அங்கே வெள்ளிக்கிழமை நின்றால் வேறு நாட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே வராது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவர் நீண்ட நாள் தங்குவதற்கான ‘மலேசியா என் இரண்டாவது இல்லம்’ திட்டத்தில், 2024 விதிப்படி சில்வர் பிரிவுக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, 5 வருட விசா. குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு வீடும் வாங்கியாக வேண்டும், அதைப் 10 வருடம் விற்க முடியாது. அதனால்தான் எந்தத் தெரு என்பதை முன்னாடியே முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் எழுதிய பதில்:

அக்கா, தெருவோடு மேடு பள்ளத்தையும் பாருங்கள். 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்கா என்ற ஊரில், கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 4 ராத்திரி கொட்டிய மழையில் தீவின் தாழ்வான இடமெல்லாம் வெள்ளம். என் சித்தி வீட்டில் கட்டில்வரை தண்ணீர் ஏறியது. அடுக்குமாடி என்றால் பின்னால் மலையை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தரை வீடு என்றால் அக்கம்பக்கத்தில் 2017-ல் எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள், சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

சுமத்ரா மறைப்பதால் நமக்குச் சுனாமி வராது என்று இங்கே எல்லாரும் நம்பியிருந்தோம். 2004-ல் அந்த ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைக்குக் குடும்பத்தோடு வந்தவர்களையே அலை இழுத்தது. பினாங்கில் மட்டும் 50 பேருக்கு மேல் போனார்கள். புகைமூட்டமும் உண்டு. 2015, 2019-ல் பள்ளிகளையே மூடினார்கள். அண்ணனுக்கு இதயம் என்கிறீர்கள், ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை வீட்டில் காற்று சுத்திகரிக்கும் கருவி கட்டாயம் வேண்டும்.

மொரீஷியஸிலிருந்து இன்னொருவர்:

இங்கேயும் ஒரே தீவுக்குள் இரண்டு ஊர் மாதிரிதான். கியூர்பிப் மேட்டில் குளிரும் தூறலும், மேற்குக் கரையில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் வெயில். நாங்கள் மேற்கே இருக்கிறோம். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. ஆனால் வீட்டுக்கு வெளியே கிரியோல் மொழி தெரியாமல் காய்கறி வாங்குவதுகூடக் கஷ்டம், வந்ததும் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன.

முதலில் எழுதியவர்:

பட்டர்வொர்த் தம்பி, நாங்கள் பார்த்துவைத்த வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு இருக்கிறது. இந்த வாரமே தரகரிடம் சொல்லி, சமதளத்தில் மூன்றாவது நாலாவது மாடியாகப் பார்க்கச் சொல்கிறேன்.