தூளிக்குப் போட்டியிடும் மூத்தவள்: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் மாடி வீடொன்றில் நானும் கணவரும், 4 வயது மகளோடும் 8 மாத மகனோடும் வசிக்கிறோம். கணவர் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார் என்பதால் பகல் முழுவதும் குழந்தைகளோடு நான் மட்டுமே இருக்கிறேன்.

மகனுக்கு 6 மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ் கொடுக்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து, தானே தோசை பிய்த்துத் தின்றுகொண்டிருந்த மகள், தனக்கும் கூழை ஊட்டிவிட வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அதையாவது சமாளித்துவிடலாம். மதியம் பள்ளியிலிருந்து வந்தவுடன், என் அம்மாவின் பழைய நூல் சேலையில் கட்டிய தூளியில் அப்போதுதான் கண்ணயர்ந்த தம்பியை எழுப்பிவிட்டு, "நானும் பாப்பாதான்" என்று சேலையின் ஓரத்தைப் பிடித்துத் தொங்குகிறாள். அவள் எடை 16 கிலோ. மேலே இருக்கும் கொக்கியை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமியார் இதை ஏக்கம் என்கிறார். அவர் சொல்வது சரியென்றே எனக்கும் படுகிறது. ஆனால் நேற்று நான் அதட்டியபோது, அழாமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இதே வயது இடைவெளியில் பிள்ளைகளை வளர்த்தவர்கள், மகன் தூங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மூத்தவளைச் சத்தமில்லாமல் எதில் ஈடுபடுத்தலாம் என்றும், அவளுக்கெனத் தரையை ஒட்டித் தனியாக ஒரு தூளி கட்டிக் கொடுத்தால் ஏக்கம் தணியுமா அல்லது அதுவே பழக்கமாகிவிடுமா என்றும் உங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும். கைப்பேசியைக் கொடுத்து உட்காரவைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.