பழைய கயாக்கின் அடியில் விரிசல்: தீபாவளி லீவில் காந்தேரி போகலாமா?

செம்பூர் நண்டு:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு கேள்வி, இரண்டும் ஒரே படகைப் பற்றியவை.

போன மார்ச்சில் எங்கள் கிளப்பில் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது அவருடைய கடல் கயாக்கை (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு) நான் வாங்கிக்கொண்டேன். பதினாறு அடி, மஞ்சள், பிளாஸ்டிக். மே மாதம் வரை நன்றாகத்தான் ஓடியது. மழை நாலு மாதமும் எங்கள் கட்டடத்தின் பார்க்கிங்கில் இரண்டு பழைய டயர் மேல் கிடந்தது. (சொசைட்டி செக்ரட்டரி ஒவ்வொரு மீட்டிங்கிலும் அதை 'அந்த முதலை' என்றுதான் சொல்கிறார்.) போன ஞாயிறு கவிழ்த்துப் போட்டுத் துடைத்தபோதுதான் பார்த்தேன். சீட்டுக்கு நேர் கீழே, நீளவாக்கில், ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். கட்டை விரலால் அழுத்தினால் மீன் செவுள் மாதிரி திறந்து மூடுகிறது.

ஹார்டுவேர் கடையில் கேட்டு, மாவு மாதிரி பிசைந்து அப்புகிற எபாக்ஸி வாங்கிப் பூசினேன். கல் மாதிரி இறுகியது. மறுநாள் நகத்தால் லேசாக நெம்பினேன், நல்ல கல்லில் வார்த்த தோசை போல முழுசாகக் கழன்று வந்துவிட்டது.

இன்னொன்று, பின்னால் இருக்கிற ஸ்கெக் (படகு நேராக ஓட அடியில் இறக்குகிற சின்னத் தகடு) கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. லீவரைத் தள்ளினால் கேபிள்தான் வளைகிறது.

அடுத்தது பயணம். தீபாவளி லீவில் நாலு பேர், நாலு படகு. மும்பை பாவுச்சா தக்கா துறையிலிருந்து ரோ-ரோ கப்பலில் காரோடு மாண்ட்வா, அங்கிருந்து கிஹீம் கடற்கரை. மறுநாள் விடியலில் கிளம்பிக் காந்தேரித் தீவைச் சுற்றிவிட்டுத் திரும்புவது. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்ட மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் காந்தேரியும் ஒன்று, நம்ம செஞ்சியும் ஒன்று. எனக்குச் சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். செஞ்சியில் ஏறி மூச்சு வாங்கியிருக்கிறேன், அதன் கூட்டாளியைத் தண்ணீரிலிருந்து பார்க்க ஆசை.

இந்தப் படகை அதற்குள் சரிசெய்ய முடியுமா, அல்லது கிளப் படகை இரவல் கேட்கட்டுமா?

மாட்டுங்கா மைனா:

எபாக்ஸி எல்லாம் ஃபைபர் படகுக்குத்தான், இதற்கு ஆகாது. அவசரத்துக்கு நான் செய்தது: தகரக் கூரை ஒழுகினால் ஒட்டுகிறோமே, பின்னால் கறுப்பாகப் பிசுபிசுப்போடு, மேலே வெள்ளித்தாள் போட்ட டேப், அது. உப்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஓரங்களை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். மூலை இருந்தால் மணலில் இழுக்கும்போது அங்கேதான் உரிய ஆரம்பிக்கும். ஒட்டிய டேப்போடு ஒரு சீசன் முழுக்க ஓட்டியிருக்கிறேன். ஆனால் என்னுடையது டெக் மேல் இருந்த ஓட்டை. உட்காருகிற இடத்துக்குக் கீழே என்றால் யோசிக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

தம்பி, பசை மேல் குற்றமில்லை. உங்கள் படகு பாலிஎதிலீன். மொட்டை மாடியில் நிற்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டி என்ன சரக்கோ அதே சரக்கு. செய்முறையும் அதேதான், அச்சுக்குள் தூளைக் கொட்டிச் சூட்டில் வைத்துச் சுழற்றுவது. அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை பிடிக்காது. உருக்கித்தான் சேர்க்கவேண்டும்.

அதனால் கயாக் ரிப்பேர் ஆளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், தொட்டி வெல்டிங் ஆளைத் தேடுங்கள். தாராவிக்குப் போங்கள். பதிமூணாம் காம்பவுண்டுப் பக்கம் ஒரு துண்டைக் கொளுத்தி முகர்ந்தே பிளாஸ்டிக்கின் ரகம் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அதில் சிலரிடம் திருநெல்வேலித் தமிழிலேயே பேசலாம்.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. யாரும் பார்க்காத ஒரு விளிம்பில் பிளேடால் நகக்கீற்று அளவு சீவி எடுங்கள். கரண்டியில் வைத்துச் சூடு காட்டுங்கள். உருகிக் கண்ணாடி மாதிரி ஆகி, குச்சியால் தொட்டு இழுத்தால் நூலாக வந்தால் வெல்டிங் பிடிக்கும். உருகாமல் ரப்பர் போலச் சுருண்டு கடைசியில் கருகினால் அது கிராஸ்-லிங்க் செய்த வகை. அதை எந்தக் கொம்பனாலும் வெல்டிங் செய்ய முடியாது, மைனா சொன்ன டேப்தான் கதி.

வெல்டிங் ஆளிடம் மூன்று விஷயத்தைக் கறாராகச் சொல்லுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங்கின் அந்தப் பக்கத்திலிருந்து விரிசல் மறுபடி கிளம்பிவிடும். நிரப்புகிற குச்சியும் இதே ரகப் பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும். வெயில் பட்டு வெளுத்த மேல்தோலைச் சுரண்டி, உள்ளே இருக்கிற புது மஞ்சள் தெரிந்த பிறகே சூடு காட்டவேண்டும். அவசரக்காரர்கள் விடுவது இந்தச் சுரண்டலைத்தான். புகை வந்தால் எரிக்கிறார் என்று அர்த்தம், பளபளப்பு வந்தாலே போதும். வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க விடாதீர்கள், தானாக ஆறட்டும்.

இன்னொரு கேள்வி. அந்த இரண்டு டயரையும் எங்கே வைத்திருந்தீர்கள்? நடுவில், சீட்டுக்குப் பக்கத்தில் என்றால் விரிசலின் காரணம் பாதி அதுதான். படகின் மொத்தக் கனமும் நாலு மாதம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. டயர் படகின் உள்தடுப்புச் சுவருக்கு நேர் கீழே இருக்கவேண்டும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மீதிப் பாதி, சிமெண்ட் சரிவில் உட்கார்ந்தபடியே தண்ணீருக்குள் சறுக்குகிற பழக்கம். வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும்.

ஸ்கெக் சின்ன விஷயம். அதன் பெட்டிக்குள் கிளிஞ்சலோ கூழாங்கல்லோ சிக்கியிருக்கும். லீவரைப் பலமாகத் தள்ளாதீர்கள், கேபிள் ஒருமுறை மடிந்தால் மாற்றத்தான் வேண்டும். கவிழ்த்துப் போட்டு, பழைய ஹேக்சா பிளேடை உள்ளே விட்டு நெம்பி எடுங்கள். அப்புறம் ஸ்கெக் தகட்டின் நுனியில் சின்னத் துளை போட்டு ஒரு சாண் கயிறு கட்டிவிடுங்கள். கடலில் சிக்கினால் பக்கத்துப் படகுக்காரர் அதைப் பிடித்து இழுத்துவிடுவார்.

முத்துநகர் பரிமளா:

படகை அண்ணன் பார்த்துக்கொண்டார். நான் தேதிக்கு வருகிறேன். யாருமே அதைச் சொல்லவில்லையே?

தீபாவளி என்றாலே அமாவாசை. அமாவாசை என்றால் பெரிய ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது அதிகம். எங்கள் தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நாலு மீட்டருக்கு மேல் போகும். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், காலையில் காலை நனைத்த இடத்தில் சாயங்காலம் வெறும் சேறும் நாய்களும் இருந்ததைப் பார்த்து முழித்தது நான்தான்.

மும்பையில் அமாவாசையை ஒட்டி ஏற்றம் நண்பகல் வாக்கில், வற்றம் காலை ஆறு மணி வாக்கில். நீங்கள் விடியலில் கிளம்ப நினைக்கிறீர்கள். கிஹீமில் அந்த நேரம் தண்ணீர் எங்கோ தூரத்தில் இருக்கும். புதிதாக வெல்டிங் செய்த படகைச் சாமான்களோடு ஈர மணலில் அவ்வளவு தூரம் தூக்கவேண்டும். தூக்குவீர்களா, இழுப்பீர்களா? இழுப்பீர்கள். அப்புறம் காலை எட்டு முதல் பத்து வரை நீவாடு (கடல் நீரோட்டம்) உச்சத்தில் இருக்கும்போது தீவை ஒட்டிப் போவீர்கள். ஓதம் ஆறு மணி நேரம் ஏறுகிறது என்றால் நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் வந்துவிடும். காந்தேரி, உந்தேரிப் பக்கம் பாறை இருக்கிறது. இந்தக் கரை முழுக்கக் கோலி மீனவர்கள் கம்பம் நட்டு டோல் என்கிற பை வலை கட்டுகிறார்கள். ஓடுகிற தண்ணீர் உங்களைக் கம்பத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே கொண்டுபோய்ச் செருகினால் படகு கவிழ்ந்து, வலைப்பக்கம் ஆள் போய்விடுவார். கம்பம் தெரிந்தால் நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாகவே சுற்றிப் போங்கள், மேல்பக்கம் வேண்டாம்.

ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். வளர்பிறை அஷ்டமி தாண்டி நவமி, தசமி. அப்போது ஓதம் சின்னது, ஏற்றம் காலை ஆறு வாக்கில். தண்ணீர் கரையோடு நிற்கும், நாலடி தூக்கினால் போதும். ஊரில் நல்ல காரியத்துக்கு ஆகாத நாள்தான் நமக்கு நல்ல நாள். சரியான நேரத்தை ஓத அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள், திதியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

போக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பதினோரு மணிக்குள் கரையில் இருங்கள். அதன் பிறகு வடமேற்கிலிருந்து கடல்காற்று ஏறும், திரும்பும்போது அலை பின்பக்கம் சாய்வாக வந்து படகைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஸ்கெக் அப்போதுதான் வேண்டும், ஆகவே அண்ணன் சொன்ன கயிறு 'சின்ன விஷயம்' இல்லை. தீவில் இறங்குகிற எண்ணம் இருந்தால் அனுமதியை முன்கூட்டியே பேசி முடியுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, நாலு பேர் போனிலும் இருக்கட்டும், போன் உறையில் இருக்கட்டும், உறை உடம்பில் கட்டியிருக்கட்டும். ஹேட்சுக்குள் (படகின் சாமான் அறை) பூட்டிய போன் யாருக்கும் உதவாது.

செம்பூர் நண்டு:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கரண்டிச் சோதனையில் நூல் வந்தது. கரண்டி போய்விட்டது, வீட்டில் புதிது கேட்கிறார்கள். டயர் நடுவில்தான் இருந்தது அண்ணே. சறுக்கலையும் ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காரின் மேல் கட்டி தாராவி போனேன். தெருவே வேடிக்கை பார்த்தது. வெல்டிங்காரர் படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், விரலால் தட்டினார், "தொட்டிதான், ஆனா ஒல்லி" என்றார். துளை போடச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சொல்லாமலே செய்திருப்பேன் என்பது போலச் சிரித்தார். பழைய தொட்டியிலிருந்து வெட்டிய கறுப்புக் குச்சி. சூடு காட்டிக் குச்சியைத் தள்ளத் தள்ள, மஞ்சளும் கறுப்பும் ஒன்றோடொன்று குழைந்து போனது. பிறகு ஒரு டீஸ்பூனின் முதுகால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். உள்பக்கமும் அதே மாதிரி. இப்போது மஞ்சள் படகின் வயிற்றில் கறுப்பாக ஒரு தையல் தழும்பு.

ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் காக்பிட்டுக்குள் (உட்காருகிற குழி) நாலு வாளித் தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாளைப் பரப்பி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தாளில் ஒரு சொட்டு இல்லை. நேற்று மனோரி கழிமுகத்தில் கரையோரமாகவே ஒரு மணி நேரம் ஓட்டினேன், உள்ளே ஸ்பாஞ்சில் பிழிகிற அளவுகூடத் தண்ணீர் இல்லை. ஸ்கெக்கிலிருந்து வந்தது கல் இல்லை, ஒரு முழுச் சிப்பி.

தேதியை நவமிக்கு மாற்றியாயிற்று. ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். "நவமியிலயா கடலுக்குப் போற?" என்று கேட்டுவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

கடைசியாக ஒன்று: ரோ-ரோவில் காரின் மேல் படகு கட்டியிருந்தால் ஏற்றுவார்களா?

மாட்டுங்கா மைனா:

தரையிலிருந்து படகின் உச்சி வரை டேப் வைத்து அளந்து, முன்னும் பின்னும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்து, புக்கிங் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அங்கே போய் வரிசையில் நின்று பேசாதீர்கள். நான் முன்னே சொன்ன ஒட்டுகிற வெள்ளித்தாள் டேப்பில் ஒரு சுருளும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வெல்டிங் நன்றாகவே இருந்தாலும்.